வெளிவராத கூட்டுப் பதிவுகளின் உண்மையைத் தேடுவது எப்படி: பாப், ஃபங்க் இசை ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1983-ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் என்சினோ பகுதியில் மைக்கேல் ஜாக்சனின் வீட்டிலிருந்த ஸ்டுடியோவில், அவரும் குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரியும் சேர்ந்து மூன்று பாடல்களில் வேலை செய்தார்கள். அவற்றில் 'ஸ்டேட் ஆஃப் ஷாக்' மறு ஆண்டே ஜாக்சன் சகோதரர்களின் இசைத்தட்டில் வெளியாகி அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. ஆனால் அதில் ஃப்ரெடியின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரின் குரல் இருந்தது. 'தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ்' என்ற இரண்டாவது பாடலை ஃப்ரெடி 1985-இல் தனியாகப் பாடி வெளியிட்டார்; இருவர் குரலும் சேர்ந்த வடிவம் 2014-இல்தான், இருவரும் மறைந்த பின்னர், இசைத் தயாரிப்பாளர் வில்லியம் ஆர்பிட்டின் கைவண்ணத்தில் வெளிவந்தது. 'விக்டரி' என்ற மூன்றாவது பாடல் இன்று வரை அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை.

புகழ்பெற்ற இருவர் சேர்ந்து பதிவு செய்து வெளியிடாமல் விட்ட பாடல்கள் என்றால் என்ன என்பதற்கு இந்த மூன்றும் போதுமான விளக்கம். ஒரே அறையில், ஒரே காலத்தில் தொடங்கிய மூன்று பாடல்களுக்கு மூன்று விதமான முடிவு. ஆகவே "இன்னாரும் இன்னாரும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று பெட்டகத்தில் இருக்கிறதாம்" என்று எவராவது சொன்னால், அதை நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்னால் விசாரிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அந்த விசாரணையை எந்த வரிசையில் செய்வது, எந்தத் தாளைத் தேடுவது, யாருடைய வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கூற்று எந்த நிலையைச் சேர்ந்தது என்று பிரித்தறியுங்கள்

கேள்விப்பட்ட செய்தியை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யார் யாருடன், எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்தப் பாடலை, என்ன செய்தார்கள்? எழுதிப் பார்க்கும்போதே பெரும்பாலான கூற்றுகளில் பாதி விவரம் இல்லை என்பது தெரிந்துவிடும். பிறகு, அந்த வேலை எந்த நிலையில் நின்றது என்று கேளுங்கள். வெறும் பேச்சோடு நின்றதா? ஒருவர் டெமோ என்னும் மாதிரிப் பதிவை அனுப்பி மற்றவர் தொடாமல் விட்டதா? இருவரும் தனித்தனி ஊர்களில் ஒரே டேப்பில் வாசித்ததா? ஒரே அறையில் பாடியும் பாட்டு முடியாமல் போனதா? முழுவதும் முடிந்து, மிக்ஸ் செய்து (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலந்து), அட்டைப்படம் வரை வந்த பின் நிறுத்தப்பட்டதா? இந்த நிலைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு தடயங்களை விட்டுச் செல்லும். இல்லாத தடயத்தைத் தேடி மாதக்கணக்கில் அலையாமல் இருக்க வேண்டுமானால் இந்தப் பிரிப்பு மிக அவசியம்.

பேச்சோடு நின்றதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1969 அக்டோபரில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் ஆகிய மூவர் பெயரிலும் லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்குச் சென்ற தந்தி. இந்த வார இறுதியில் நியூயார்க்கில் இசைத்தட்டு பதிவு செய்கிறோம், பேஸ் வாசிக்க வர முடியுமா என்பதே செய்தி. மெக்கார்ட்னி அப்போது விடுமுறையில் இருந்தார். தந்தி உண்மையானது, இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் தந்தி இருப்பதால் டேப்பும் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்த நால்வர் கூட்டணி ஒன்றாகக் கூடவேயில்லை. அதேபோல் 'பேட்' பாடலை ஜாக்சனும் பாடகர் பிரின்ஸும் சேர்ந்து பாடும் திட்டம் இருந்தது. எதிராளிக்குச் சவால் விடும் பாடலின் முதல் வரியைச் சுட்டிக்காட்டி, அதை யார் யாரைப் பார்த்துப் பாடுவது என்று கேட்டுத் தாம் விலகியதாகப் பிரின்ஸே 1990-களில் தொலைக்காட்சியில் கூறினார். அந்த 'இருவர் வடிவத்தை' யாராவது விற்பனைக்கு வைத்தால் அது போலி.

டெமோ அனுப்பிய நிலைக்கும் ஒரு நல்ல சான்று உண்டு. 1983-இல் பாடகி ஸ்டீவி நிக்ஸின் 'ஸ்டாண்ட் பேக்' பாடலுக்குப் பிரின்ஸ் சிந்தசைசர் வாசித்தார், தட்டில் பெயர் போடப்படாமலே. அதன் பின் அவர் ஒரு நீண்ட வாத்திய இசைப் பதிவைக் கேசட்டில் அனுப்பி, வரிகள் எழுதித் தரும்படி நிக்ஸைக் கேட்டார். தமக்கு அது மிகப் பெரிய பாரமாகத் தோன்றியதால் முடியாது என்று சொல்லிவிட்டதாக நிக்ஸ் பின்னாளில் நேர்காணல்களில் நினைவுகூர்ந்தார். அந்த இசைதான் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' பாடல் ஆனது. இங்கே கேசட் உண்மை, அழைப்பு உண்மை, கூட்டுப் பாடல் மட்டும் கிடையாது.

இரண்டாம் படி: காலவரிசை

இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஒரு பக்கம் முதல் கலைஞரின் கச்சேரிப் பயணங்கள், ஸ்டுடியோ நாட்கள், எந்த இசை நிறுவனத்துடன் எந்த ஆண்டு வரை ஒப்பந்தம் என்ற விவரங்கள், மறுபக்கம் மற்றவருடையவை. கச்சேரித் தேதிகள் பெரும்பாலும் பழைய நாளிதழ்களிலும் இசைப் பத்திரிகைகளிலும் கிடைத்துவிடும். இருவரும் ஒரே ஊரில் இருந்த நாட்கள் எவை என்று பார்த்தாலே பல கதைகள் உதிர்ந்துவிடும்.

ஆனால் ஒரே அறையில் இல்லாமலும் கூட்டுப் பதிவு நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு பிரின்ஸ், மைல்ஸ் டேவிஸ் இருவருடையது. நீண்ட காலம் கொலம்பியா நிறுவனத்தில் இருந்த டேவிஸ் 1985-இல் வார்னர் பிரதர்ஸுக்கு மாறினார். பிரின்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் பிரின்ஸ் 'கேன் ஐ ப்ளே வித் யூ?' என்ற பாடலைப் பதிவு செய்து டேவிஸுக்கு அனுப்ப, டேவிஸ் அந்த டேப்பின் மேல் தமது ட்ரம்பெட்டை வாசித்தார். 1986-இல் வெளிவந்த 'டுட்டு' தட்டில் அது இடம்பெற வேண்டியது. மற்றப் பாடல்களைக் கேட்ட பிரின்ஸ், தமது பாடல் அவற்றோடு பொருந்தவில்லை என்று கருதி விலக்கிக்கொண்டதை டேவிஸ் தமது சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கள்ளப் பிரதிகளில் மட்டும் உலவிய அந்தப் பாடல், 2020 செப்டம்பரில் பிரின்ஸின் 'சைன் ஓ த டைம்ஸ்' பெருந்தொகுப்பில் முறைப்படி வெளியானது. அவர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்ற 1987 டிசம்பர் 31 இரவு, மினசோட்டாவின் பெய்ஸ்லி பார்க் கச்சேரியின் காணொளியும் அதே தொகுப்பில் இருக்கிறது. காலவரிசை எழுதாதவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, மேடையில் வாசித்ததையே 'தொலைந்த பாடல்' என்று எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: தாள்களைத் தேடுங்கள்

இந்தத் தேடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒலி பொய் சொல்லலாம், நினைவு தவறலாம். ஆனால் பணம் கொடுப்பதற்காகவும் உரிமை கோருவதற்காகவும் அன்றன்றே எழுதப்பட்ட தாள்கள் பெரும்பாலும் நம்பத்தக்கவை.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டில் 1978-உம் அதற்குப் பிந்தையதுமான பதிவுகளை இணையத்திலேயே தேடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண் 'பி ஏ யூ' என்ற எழுத்துகளில் தொடங்கினால், அது வெளியிடப்படாத இசையமைப்பு. 'எஸ் ஆர் யூ' என்று தொடங்கினால், வெளியிடப்படாத ஒலிப்பதிவு. 1978-க்கு முந்தையவற்றுக்கு அச்சிட்ட பட்டியல்கள் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றில் வெளிவராத இசைக்கு 'ஈ யூ', வெளிவந்ததற்கு 'ஈ பி' என்ற முன்னெழுத்துகளைக் காணலாம். ஒரு பாடல் இருவர் பெயரிலும் 'பி ஏ யூ' எண்ணோடு பதிவாகியிருந்தால், அவர்கள் அதைச் சேர்ந்து எழுதினார்கள் என்பதற்கு அது வலுவான சான்று. சேர்ந்து பாடினார்கள் என்பதற்கு அது சான்று அல்ல. எழுத்தும் ஒலிப்பதிவும் இரண்டு தனித்தனி உரிமைகள் என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

ஆஸ்காப், பி எம் ஐ ஆகிய உரிமத்தொகை வசூலிக்கும் அமைப்புகளின் தரவுத்தளங்களையும் பாருங்கள். அங்கே புனைபெயர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். ஷீனா ஈஸ்டனின் 'ஷுகர் வால்ஸ்' பாடலுக்கு 'அலெக்சாண்டர் நெவர்மைண்ட்' என்றும், பேங்கிள்ஸ் குழுவின் 'மேனிக் மண்டே' பாடலுக்கு 'கிறிஸ்டஃபர்' என்றும் பெயர் போட்டுக்கொண்டவர் பிரின்ஸ்தான். உண்மைப் பெயரை மட்டும் தேடினால் பாதிக்கு மேல் கைநழுவிவிடும்.

அடுத்து, ஸ்டுடியோவின் தாள்கள். இவை ஏலங்களிலும், கண்காட்சிகளிலும், பெருந்தொகுப்புகளின் உள்ளிதழ்களிலும் புகைப்படமாகக் கிடைக்கின்றன. டேப் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் கலைஞர் பெயர், தேதி, ரீல் எண், டேப் ஓடும் வேகம், ஒவ்வொரு முயற்சியும் முழுமையா பாதியில் நின்றதா என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். இறுதியாகத் தேர்ந்தெடுத்த முயற்சியைப் பேனாவால் வட்டமிட்டிருப்பார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ட்ராக் ஷீட்டில், டேப்பின் ஒவ்வொரு தடத்துக்கும் ஒன்றாக இருபத்து நான்கு கட்டங்கள். ஒன்றில் கிக் டிரம், இன்னொன்றில் ஸ்னேர், அடுத்ததில் பேஸ், பிறகு கிளாவினெட் என்ற மின் விசைப்பலகை, பின்னணிக் குரல்கள் என்று ஒவ்வொரு தடத்திலும் பதிந்திருப்பது எழுதப்பட்டிருக்கும். இரண்டு முதன்மைக் குரல்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பாடியவரின் பெயர்ச்சுருக்கம் என்று இருந்தால், கூட்டுப் பாடல் என்ற கூற்று உறுதிப்படுகிறது. பெயர் எழுதிய கட்டம் இருந்தும் அதன் குறுக்கே கோடு கிழித்திருந்தால், அந்தக் குரல் அழிக்கப்பட்டு வேறொன்று அதன் மேல் பதிவாகியிருக்கலாம்.

டேப்பின் நீளமும் ஒரு சாட்சி. 2,500 அடி ரீல், நொடிக்கு 30 அங்குல வேகத்தில் சுமார் பதினாறரை நிமிடமும் 15 அங்குல வேகத்தில் சுமார் முப்பத்து மூன்று நிமிடமும்தான் ஓடும். ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் வாசிப்பது ஃபங்க் இசைக்கலைஞர்களின் வழக்கம் என்பதால், "ஒரே ரீலில் ஒரு மணி நேர வாசிப்பு" போன்ற கதைகளை இந்தக் கணக்கு உடனே பொய்யாக்கிவிடும்.

அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவு அறிக்கைகள் கிடைத்தால் இன்னும் சிறப்பு. அன்று வாசித்தவர்கள் யார், எத்தனை மணி நேரம், எந்த ஸ்டுடியோ என்பது சம்பளக் கணக்குக்காக அதில் எழுதப்பட்டிருக்கும். பேஸ் வாசித்தவரும் டிரம்ஸ் வாசித்தவரும் நட்சத்திரங்களின் நிழலில் மறைந்துபோகாமல் இருப்பது இந்தத் தாள்களால்தான். உங்கள் குறிப்பிலும் அவர்கள் பெயரை விடாமல் எழுதுங்கள்.

நான்காம் படி: சாட்சிகளை எடைபோடுங்கள்

நட்சத்திரத்தின் வார்த்தையை விட, ஒலிக்கலவை மேசையான கன்சோல் அருகே உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரின் வார்த்தைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன். பாடகருக்கு அது நூறு இரவுகளில் ஓர் இரவு. ஒலிப்பதிவாளருக்கோ மைக் வைப்பதும் ரீல் மாற்றுவதும் பெட்டியில் எழுதுவதும் தொழில். 1983 முதல் சில ஆண்டுகள் பிரின்ஸிடம் பணியாற்றிய சூசன் ராஜர்ஸ், சிதறிக் கிடந்த டேப்புகளை ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கியவர். அந்தப் பெட்டகத்தைப் பற்றிய நம்பகமான விவரங்களில் பல அவருடைய நேர்காணல்களிலிருந்து வந்தவை.

சாட்சி எப்போது பேசினார் என்பதையும் பாருங்கள். நிகழ்வு நடந்த ஆண்டே சொன்னதற்கும், புகழ் பெருகிய பின் முப்பது ஆண்டு கழித்துச் சொன்னதற்கும் வேறுபாடு உண்டு. ஜாக்சன் தம் வளர்ப்பு விலங்கான லாமாவை ஸ்டுடியோவுக்குள் அழைத்து வந்ததால்தான் ஃப்ரெடி வெளியேறினார் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. அது சுவையாக இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது. இருவரும் ஒரே நாட்டில் வேலையை முடிக்கும் அளவுக்கு நேரம் சேர்ந்து இருக்க முடியவில்லை என்று ஃப்ரெடியே கூறியிருக்கிறார். காலவரிசை அட்டவணையோடு பொருந்துவது அந்தக் காரணம்தான்.

ஐந்தாம் படி: ஒலியைச் சோதியுங்கள்

உங்கள் கைக்கு ஒரு ஒலிக்கோப்பு வந்தால், அதை இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றில் திறந்து அதிர்வெண் படத்தைப் (ஸ்பெக்ட்ரோகிராம்) பாருங்கள். குறைந்த தரத்து எம்பி3 கோப்புகளில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லாமல் வெட்டியது போல் இருக்கும். "மாஸ்டர் டேப்பிலிருந்து (மூல டேப்பிலிருந்து) நேரடியாக எடுத்தது" என்று சொல்லப்படும் கோப்பில் இந்த வெட்டு தெரிந்தால், சொன்னவரின் மற்றக் கூற்றுகளையும் ஐயத்தோடு அணுக வேண்டும். அடுத்து சுருதி. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கும்போது வேகம் மாறும். ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும், பாடுபவரின் குரலும் இளமையாகத் தோன்றும். எலெக்ட்ரிக் பியானோ போன்ற சுருதி மாறாத வாத்தியத்தை அளவுகோலாக வைத்து வேகத்தைச் சரிசெய்த பிறகே குரலை அடையாளம் காண முயலுங்கள்.

குரலை நகலெடுக்கும் மென்பொருள்கள் பரவிவிட்ட இக்காலத்தில், காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த மென்பொருள்கள் வருவதற்கு முன்பே இந்தப் பதிவைப் பற்றிய குறிப்பு எங்காவது அச்சிலோ நேர்காணலிலோ இருந்ததா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பெரிய நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் கேள்வி எழலாம். ஜாக்சன் மறைந்த பின் 2010-இல் வந்த 'மைக்கேல்' தட்டின் மூன்று பாடல்களில் ஒலிப்பது அவர் குரல்தானா என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்து நீதிமன்றம் வரை சென்றது. ராப் பாடகர் 50 சென்ட் பங்குபெற்ற 'மான்ஸ்டர்' அவற்றுள் ஒன்று. 2022-இல் அம்மூன்றும் இணைய இசைத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியதை வைத்து, குரல் யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக எழுதக் கூடாது.

ஆறாம் படி: ஏன் வெளிவரவில்லை என்று ஆராயுங்கள்

"இசை நிறுவனம் அமுக்கிவிட்டது" என்பது எளிதில் வாய்க்கு வரும் விடை. சில நேரங்களில் அது சரி. 1981-இல் ஷீக் என்ற ஃபங்க் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் ஜானி மேத்திஸுக்காக 'ஐ லவ் மை லேடி' என்ற முழுத் தட்டையும் தயாரித்து முடித்தார்கள். கொலம்பியா நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டது. 2017-இல் வந்த மேத்திஸ் பெருந்தொகுப்பில்தான் அது முழுமையாக வெளிச்சம் கண்டது. மெல்லிசைப் பாடகர் ஒருவரின் பட்டுக் குரலும் ஷீக்கின் கிட்டார் வெட்டுகளும் எவ்வளவு அழகாக இணைகின்றன என்று கேட்டறிய ரசிகர்கள் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது.

அதே இருவர் 1980-இல் பாடகி டயானா ராஸுக்குத் தயாரித்த 'டயானா' தட்டின் கதை வேறு. அவர்கள் கொடுத்த மிக்ஸ் ராஸுக்கு நிறைவளிக்கவில்லை. மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ரஸ் டெரானாவுடன் சேர்ந்து அவர் அதை மாற்றியமைத்தார். மாற்றிய வடிவம் மாபெரும் வெற்றி பெற்றது. ஷீக்கின் மூல மிக்ஸ் 2003 மறுபதிப்பில் வந்தது. இங்கே பாடல்கள் வெளிவந்தன, கூட்டணியும் ஊரறிந்தது, ஒரு வடிவம் மட்டும் இருபத்து மூன்று ஆண்டுகள் வெளிவராமல் இருந்தது. 'வெளிவராத பதிவு' என்ற சொல்லுக்குள் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கலைஞர் ஒருவர் ஒரு நிறுவனத்துடன் தனியுரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், மற்ற நிறுவனத்தின் தட்டில் குரல் கொடுக்கத் தம் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. இன்னாரின் அனுமதியுடன் என்று தட்டுகளின் பின்னட்டையில் காணும் சிறிய வரி அதற்கானது. ஆகவே முதலில் ஒப்பந்தங்களைப் பாருங்கள். ஆனால் பிரின்ஸும் டேவிஸும் ஒரே வார்னர் குடையின் கீழ் இருந்தவர்கள், அங்கே தடை ஒப்பந்தத்தால் வரவில்லை. தம் படைப்பு அந்த இடத்துக்குத் தகாது என்று ஒரு கலைஞர் எடுத்த முடிவு அது. பாடகி பானி ரெய்ட்டுக்காக 1987 வாக்கில் பிரின்ஸ் உருவாக்கிய பாடல்களும் ஏறக்குறைய இதே வகை. ரெய்ட் அவற்றில் சிலவற்றைப் பாடிப் பார்த்தார், கூட்டணி நிலைக்கவில்லை, பிரின்ஸ் தாமே பாடிய வடிவங்கள் 2020 தொகுப்பில் வந்தன. நிறுத்தி வைப்பதும் இசைக்கலைஞரின் தொழில்திறனில் ஒரு பகுதிதான். அந்த முடிவை மதித்தபடியே பதிவை ஆராய்வது சாத்தியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டேப் அழிந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1970-களிலும் 80-களிலும் பரவலாகப் புழங்கிய சில டேப் வகைகளில் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸ் மிதவெப்பத்தில் பல மணி நேரம் காயவைத்து, உடனடியாக டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத் தீயில் மாஸ்டர் டேப்புகள் எரிந்துபோனதும் நடந்ததே.

ஏழாம் படி: குறிப்பேடும் நேர்மையும்

உங்கள் முடிவை 'உறுதி', 'மிகச் சாத்தியம்', 'ஒருவர் கூற்று மட்டும்', 'ஆதாரம் இல்லை' என்று தெளிவாக வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கான தாளையோ நேர்காணலையோ தேதியுடன் எழுதி வையுங்கள். கசிந்த கோப்புகளைப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம். அந்தப் பணம் பாடியவருக்கோ வாசித்தவருக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ போவதில்லை. உயில் எழுதாமல் 2016 ஏப்ரலில் மறைந்த பிரின்ஸின் பெட்டகம் போன்றவற்றில் ஒவ்வொரு கசிவும், முறையான வெளியீட்டுக்காக உழைக்கும் காப்பாளர்களின் வேலையைக் கடினமாக்குகிறது.

அதிகாரபூர்வத் தொகுப்பு வெளிவந்ததும் முதலில் உள்ளிதழில் உள்ள பதிவுத் தேதியையும் வாசித்தவர் பட்டியலையும் உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒலியைக் கேளுங்கள். 1983-இன் குரல்களைக் கொண்டு 2014-இல் ஆர்பிட் அமைத்தது போல, பழைய குரலும் பின்னாள் மிக்ஸும் சேர்ந்த வடிவமாக அது இருக்குமானால், இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாக எழுதுங்கள். 'விக்டரி' என்றாவது வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே: எந்தத் தடம் 1983-இல் என்சினோவில் பதிந்தது, எது பின்னர் சேர்ந்தது?